காஷுவாலிட்டி நோட்டில் கோடையை எண்ணுவது எப்படி?

கத்திரி பிறந்த பிறகு கணக்கெடுக்க உட்கார்ந்தால் பாதிக் கோடை தப்பிவிடும். வெப்ப நோய்களைக் கண்காணிக்க நாடு முழுக்க வைத்திருக்கும் காலம் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை. மார்ச் 1 அன்றே தனி நோட்டுப் போடுங்கள்.

தேதி, வந்த நேரம், வயது, பாலினம், தொழில், ஊர், ஓபி எண். பெயர் வேண்டாம். வயிற்றுப்போக்கு, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பத்தி; இவற்றில் பெரிய குழப்பம் வராது.

குழப்பமெல்லாம் வெயிலால் விழுந்தவர்களிடம்தான். நெரிசலில் 'மயக்கம்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். சர்க்கரை இறங்கியதா, வலிப்பா, வெயிலா? உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸையோ அதற்கு மேலோ தொட்டு, நினைவும் தடுமாறினால் வெப்பத்தாக்கு. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் குறைத்துக் காட்டும். ஆசனவாய் வழியே எடுத்த அளவைத்தான் நான் ஏற்பேன். 108 வண்டியிலேயே உடம்பைக் குளிர்வித்துக் கொண்டுவந்திருந்தால் (அப்படித்தான் செய்யவேண்டும்) இங்கே சூடு தணிந்திருக்கும். வண்டியில் எடுத்த அளவு இருந்தால் அதைக் கேட்டு எழுதுங்கள். அளவெடுப்பதற்காகக் குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

'வியர்க்கிறதே, வெப்பத்தாக்கு இல்லை' என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் விழுந்தவர் வியர்வையில் நனைந்தே வரலாம். 'வெளியிலேயே போகவில்லை' என்ற பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கூரை தகரமா என்று கேளுங்கள். முடிவு தெரியாதவர்களுக்குச் 'சந்தேகம்' என்று ஒரு பத்தி இருக்கட்டும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் வைத்திருக்கிறது. வெறும் 'மயக்கம்' என்ற பதிவு அந்தக் குடும்பத்துக்கு உதவாது.

ஊர்ப் பத்தியில் வீட்டு முகவரியை எழுதாமல், விழுந்த இடத்தை எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பப்பட்டவரை இரண்டு இடத்திலும் எண்ணிவிடாதீர்கள்; முதலில் பார்த்த இடம் எண்ணட்டும்.

அன்றன்றைக்கு அவசரப் பிரிவுக்கு வந்த மொத்தப் பேரையும் குறித்துக்கொள்ளுங்கள். திருவிழா நாளில் எல்லா நோயும் கூடியதுபோலத் தெரியும். நூறு பேருக்கு எத்தனை என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். திங்களைத் திங்களோடு ஒப்பிடுங்கள், ஞாயிறோடு அல்ல.

காலையில் டியூட்டி மாறும்போதே முந்தைய நாள் பக்கத்தை முடித்துவிடுங்கள். வாரக் கடைசிக்குத் தள்ளினால், விவரம் கேட்க உடன் வந்தவர் இருக்கமாட்டார்.