புதிதாய்ப் பிறந்த பழைய எஞ்சின்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் நமக்கு இரும்பையும் நிலக்கரியையும் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். ஒரு கலை எவ்வாறு அழிகின்றது, அழிந்தபின் எவ்வாறு மீட்கப்படுகின்றது என்னும் வினா ஏட்டுச்சுவடிக்கும் எஞ்சினுக்கும் பொதுவானதாகும். ஆதலின், இங்கிலாந்து தேசத்தில் 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள் நிகழ்ந்த ஒரு வெள்ளோட்டத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றையும், அதனால் நாம் அறியத்தக்கதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

அன்று லஃப்பரோ நகரத்து நிலையத்திலிருந்து முதன்முதலாகப் பிரயாணிகளை இழுத்துச் சென்ற நீராவி எஞ்சினுக்கு டொர்னாடோ என்று பெயர். அதன் எண் 60163. பச்சை வர்ணம் பின்னரே பூசப்பெற்றது. அன்று அது சாம்பல் நிற அடிப்பூச்சுடனேயே ஓடிற்று. பிரிட்டிஷ் ரயில்வேயார் தமது கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்தது 1960-இல். அதற்குப் பின் ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழித்து, பெரிய இருப்புப்பாதையில் ஓடத்தக்க நீராவி எஞ்சின் ஒன்று அந்நாட்டில் புதிதாகக் கட்டப்பெற்றது இதுவே முதன்முறையாகும்.

இதன் முன்னோர் வரலாற்றைச் சிறிது காண்போம். ஆர்தர் பெப்பர்கார்ன் என்னும் பொறியியல் வல்லுநர் வகுத்த ஏ1 வகுப்பு எஞ்சின்கள் 1948, 1949-ஆம் ஆண்டுகளில் டான்காஸ்டர், டார்லிங்டன் என்னும் ஈரிடத்துப் பணிமனைகளிலும் மொத்தம் 49 கட்டப்பட்டன. லண்டன் மாநகரையும் ஸ்காட்லாந்தையும் இணைக்கும் கீழ்க்கரைப் பாதையில் கனத்த விரைவு வண்டிகளை அவை இழுத்து வந்தன. ஆயினும் அவை பிறந்த வேளை நல்வேளை அன்று. டீசல் எஞ்சின்கள் வந்து புகவே, 1962 தொடங்கி 1966-க்குள் 49-ம் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கப்பட்டு, உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. கடைசியாக எஞ்சிய ஒன்றைக் காப்பாற்ற முயன்றோர் முயற்சியும் பலிக்கவில்லை. இருபதாண்டுகூட நிறையாத வாழ்வு அது.

1990-ஆம் ஆண்டில் அன்பர் சிலர் கூடி, அழிந்த வகுப்பில் ஐம்பதாவது எஞ்சினைத் தாமே கட்டுவதென்று தீர்மானித்து, அதற்கென ஓர் அறநிலையம் நிறுவினர். பொருளுக்கு என் செய்வது? வாரந்தோறும் ஒரு குவளை பியருக்குக் கொடுக்கும் காசை, அதாவது 1.25 பவுனை, எஞ்சினுக்குக் கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டனர். சிறுதுளி பெருவெள்ளம் என்பதன் உண்மையை அங்கே காணலாம். இவ்வாறு வந்த சந்தாவும், கொடையும், கடனுமாக ஏறத்தாழ 30 இலட்சம் பவுன் செலவில், 18 ஆண்டுகளில் வேலை முடிந்தது. 1994-இல் அடிச்சட்டத்தின் இரும்புத் தகடுகள் வெட்டப்பட்டன. அவ்வளவு பெரிய கொதிகலத்தைச் செய்யத்தக்க இடம் ஜெர்மனியிலுள்ள மைனிங்கன் பணிமனையே எனத் தெளிந்து, ஆங்குச் செய்வித்து 2006-இல் கொண்டுவந்தனர். டார்லிங்டனில், 1853-இல் எழுப்பப்பட்ட பழைய வண்டிப் பட்டறை ஒன்றில், எஞ்சின் உருப்பெற்றது.

இனி இது இயங்கும் முறையை நோக்குவோம். அனற்பெட்டியில் எரியும் நிலக்கரியின் சூடு, கொதிகலத்து நீரினூடே செல்லும் பல குழாய்களின் வழியாகப் பரவி, நீரை ஆவியாக்குகின்றது. அடைபட்ட ஆவி சதுர அங்குலத்திற்கு 250 இராத்தல் அழுத்தம் வரை பெறுகின்றது. அவ்வாவி மீண்டும் சூடேற்றப்பட்டு, உருளைகளிற் புகுந்து பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ள, அவற்றோடு பிணைந்த தண்டுகள் 6 அடி 8 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரங்களைச் சுழற்றுகின்றன. சாதாரண எஞ்சினுக்கு உருளை இரண்டு, இதற்கோ மூன்று. ஆகவே சக்கரம் ஒருமுறை சுழலும்போது ஆவி ஆறு முறை வெளிப்படும். வேலை செய்து முடித்த ஆவியும் வீணாவதில்லை. புகைபோக்கியின் வழியாக அது பாய்ந்து செல்லும் வேகம் அனலின்மீது காற்றை ஈர்க்கின்றது. எஞ்சின் எவ்வளவு கடினமாக உழைக்கின்றதோ, அவ்வளவுக்குத் தீயும் தானே வளர்கின்றது. உழைப்பே உணவை வருவித்துக்கொள்ளும் இவ்வமைப்பினும் வியக்கத்தக்கது யாதுளது?

புதிய எஞ்சினைச் சோதித்தற்கு ஒரு பாதை வேண்டும். பழைய கிரேட் சென்ட்ரல் இருப்புப்பாதையின் ஒரு பகுதி, அரசினர் கைவிட்டபின், தொண்டர்களால் லஃப்பரோவுக்கும் லெஸ்டருக்கும் இடையே ஏறத்தாழ 8 மைல் தூரம் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. இத்தகைய புராதனப் பாதைகளில் மணிக்கு 25 மைலுக்குமேற் செல்லலாகாது என்பது பொதுவிதி. ஆயின் இரட்டைத் தண்டவாளமுடைய இப்பாதையில் சோதனையின்பொருட்டு 60 மைல் வரை ஓட்ட இசைவுண்டு. 2008 ஆகஸ்டு முதல் நாள் டார்லிங்டனில் தன் ஆவியால் முதன்முதல் பலரறிய நகர்ந்த டொர்னாடோ, பின்னர் இங்குக் கொணரப்பட்டுச் சோதனைகளில் தேறிய பின்னரே பிரயாணிகளை ஏற்றிற்று. 2009 ஜனவரி 31-ஆம் நாள் யார்க்கிலிருந்து நியூகாசிலுக்குப் பெரும்பாதையில் முதற்பிரயாணம் செய்தது. 2017-இல் நடந்த ஒரு சோதனையில் மணிக்கு 100 மைல் வேகத்தையும் எட்டியது.

ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. இது பழைய பொருளின் போலியன்றோ? புராதனத்தைப் பேணும் பாதையிற் புதியதற்கு என்ன இடம்? இவ்வளவு பொருளைப் பழைய எஞ்சின்களைச் செப்பனிடச் செலவிட்டிருக்கலாகாதோ? இவ்வினாக்களைப் புறக்கணித்தல் முறையன்று. உண்மையில், இது முழுதும் பழைய வண்ணமே கட்டப்படவுமில்லை. பழைய கொதிகலம் தறையாணிகளால் இணைக்கப்பட்டது, அதன் உள் அனற்பெட்டி செம்பினால் ஆயது. புதியதோ முழுதும் எஃகினால், பற்றவைத்துச் செய்யப்பட்டது. இக்காலத்துப் பாதைகளில் ஓடற்கு வேண்டிய மின்னணுப் பாதுகாப்புக் கருவிகளும் சேர்க்கப்பட்டன.

எனினும் இதனைப் போலி என்று கூற எம் மனம் ஒருப்படவில்லை. கட்டினோர் இதற்குப் பழைய எஞ்சின் ஒன்றன் எண்ணைச் சூட்டவில்லை. அவ்வகுப்பின் கடைசி எண் 60162. அதற்கு அடுத்த எண்ணையே சூட்டினர். நின்றுபோன வரிசையைத் தொடர்ந்தனர் என்பதே அதன் கருத்து. மேலும், பழைய வரைபடங்கள் யார்க் நகரத்துப் பொருட்காட்சிசாலையிற் கிடந்தன. ஆயின் வரைபடம் நூற்பாவை ஒக்கும். உரையின்றி அது விளங்காது. எந்த இரும்பை எவ்வளவு சூட்டில் வளைப்பது, எந்த இணைப்பை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு உரை, பணிமனையில் உழைத்தோர் கையிலன்றோ இருந்தது? அக்கைகள் ஓய்ந்தபின் வரைபடம் மட்டும் எஞ்சியிருந்து என்ன பயன்? காட்சிசாலையில் நிற்கும் எஞ்சின் உருவத்தைக் காக்கும். புதிதாகக் கட்டப்படும் எஞ்சினோ கட்டும் அறிவையே காக்கும். இவ்விரண்டும் வேறுவேறு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. நீலகிரி மலைப்பாதைக்குரிய பல்சக்கர எஞ்சின்கள் முன்னாளில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. பின்னர் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையாரே அவ்வகை எஞ்சின்களைப் புதிதாகக் கட்டினர்; 2021-இல் நிலக்கரியால் இயங்கும் ஒன்றையும் கட்டி வெளியிட்டனர்.

முன்னோர் செய்தவற்றைப் போற்றுதல் எளிது. அவர் செய்தவாறு நாமும் செய்யக் கற்றலே அரிது. நாம் பயிலும் நூல்களின் நிலையும் இதுவே. அவற்றை அலமாரியில் அடுக்கி வணங்குவதோடு அமையாது, அந்நூல்களை இயற்றிய ஆற்றலையும் நம்முட் புதிதாய்ப் பிறப்பித்தல் நம் கடனாகும்.