போர்க்கப்பலை நகர்த்திய சிறு படகு

தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து இழுப்போர் நூற்றுக்கணக்கானோர். ஆனால் தெருமுனையில் தேரைத் திருப்புபவர் முட்டுக்கட்டை போடுபவரே. துறைமுகத்தில் பெருங்கப்பல்களுக்கு ஏறக்குறைய இதே பணியைச் செய்வது இழுவைப் படகு. வரதராஜன்பேட்டை போன்ற உள்நாட்டு ஊர்களில் வாழும் மாணவர்கள் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். சென்னை அல்லது தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சென்றால் காணலாம்.

கப்பலில்தான் இயந்திரமும் சுக்கானும் உள்ளனவே, இப்படகு எதற்கு? சுக்கானின்மீது நீர் விரைந்து பாய்ந்தால்தான் கப்பலைத் திருப்பும் விசை உண்டாகும். துறைமுகத்தினுள் கப்பல் மெல்ல ஊர்ந்து வருவதால் சுக்கான் பயனற்றுப் போகிறது. அப்போது இழுவைப் படகு கப்பலின் முனையைத் தள்ளியோ, கயிறு கட்டி இழுத்தோ திருப்புகிறது.

இத்தகைய ஒரு படகின் வரலாற்றைக் காண்போம். அதன் பெயர் ஹோகா. அமெரிக்கப் பழங்குடியினரான சூ மக்களின் மொழியில் இதற்கு 'மீன்' என்று பொருள். நியூயார்க்கில் கட்டப்பட்டு, 1940 டிசம்பர் 31 அன்று நீரில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 30 மீட்டர். டீசல் எஞ்சின்கள் மின்னாக்கிகளைச் சுழற்ற, அம்மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் புரொப்பெல்லரைச் சுழற்றியது. தீயணைக்கும் நீர்ப்பீரங்கிகளும் அதில் இருந்தன. 1941இல் ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில் அது பணியாற்றியது.

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை. ஜப்பானிய விமானங்கள் அத்தளத்தைத் தாக்கின. அரிசோனா என்ற போர்க்கப்பல் வெடித்து எரிந்தது. அதன் அருகே கட்டப்பட்டிருந்த வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பலை, ஜோசப் மக்மேனஸ் தலைமையில் ஹோகா இழுத்துக் காப்பாற்றியது.

இதற்கிடையே, கடலுக்குத் தப்ப முயன்ற நெவாடா என்ற போர்க்கப்பல் குண்டுகளால் தாக்குண்டு தரைதட்டியது. குறுகிய வாய்க்காலில் அது மூழ்கினால் துறைமுகத்தின் வாயிலே அடைபட்டுவிடும்! ஹோகா மற்றோர் இழுவைப் படகுடன் சேர்ந்து, அக்கப்பலின் தீயை அணைத்தவாறே அதை வாய்க்காலின் மறுகரைக்குத் தள்ளிச் சென்றது. பின்னர் இரண்டு நாள்களுக்கு மேல் பிற கப்பல்களின் தீயை அணைப்பதில் ஈடுபட்டது. பழுது நீக்கப்பட்ட நெவாடா 1944 ஜூனில் நார்மண்டிப் போரில் பங்கு கொண்டது.

நெவாடாவின் எடை சுமார் 30,000 டன். அதைச் சிறு படகு எவ்வாறு நகர்த்தியது? கணக்கிட்டுப் பார்ப்போம். படகு 10 டன் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுவதாகக் கொள்வோம். இது சுமார் 1,00,000 நியூட்டன். கப்பலின் நிறை 3 கோடி கிலோகிராம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி,

முடுக்கம் = விசை ÷ நிறை = 1/300 மீட்டர்/வினாடி²

நீரின் தடையை நீக்கிப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் கப்பல் வினாடிக்கு 20 செ.மீ. வேகம் பெற்று 6 மீட்டர் நகர்ந்திருக்கும். மிதக்கும் பொருளுக்குத் தரையின் உராய்வு இல்லை. எனவே சிறு விசையும் பொறுமையுடன் செயல்பட்டால் போதும்.

போருக்குப் பின், 1948இல் ஹோகா ஓக்லண்டு துறைமுகத்துக்கு வழங்கப்பட்டு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தீயணைப்புப் படகாக உழைத்தது. 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் நார்த் லிட்டில் ராக் நகரை அடைந்து, அங்குள்ள கப்பல் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றது.

நம் கடற்படைக்கும் இழுவைப் படகுகள் உண்டு. விசாகப்பட்டினத்து இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளம் கட்டிய ஒன்றின் பெயர் 'வீரன்'. அதன் இழுவிசை 50 டன். படகைக் கரையிலுள்ள கம்பத்தில் கட்டி, முழு ஆற்றலுடன் இழுக்கச் செய்து இவ்விசையை அளக்கின்றனர்.

செய்து பாருங்கள்: தொட்டி நீரில் நீண்ட வாழைமட்டை ஒன்றை மிதக்க விடுங்கள். அதன் நடுவில் பக்கவாட்டாக ஒரு விரலால் தள்ளுங்கள். பிறகு முனையில் தள்ளுங்கள். எப்போது அது நகர்கிறது, எப்போது திரும்புகிறது? இழுவைப் படகின் மாலுமி கப்பலில் தள்ளும் இடத்தை ஏன் கவனமாகத் தேர்கிறார் என்பது அப்போது விளங்கும்.