வண்டி நிற்கும், தவணை நிற்காது
டீசல், பெட்ரோல் பம்பு ரிப்பேர் பற்றி ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் வண்டியைப் பற்றியது. "வண்டி ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். குழுவில் கடன் வாங்கி லோடு ஆட்டோ, ஷேர் ஆட்டோ, குட்டி யானை என்று வாங்கி ஓட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஓட்டுவது கணவராக இருக்கலாம், மகனாக இருக்கலாம். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து நம்முடையது. தவணை தவறினால் கூட்டத்தில் எழுந்து பதில் சொல்வதும் நாம்தான். எனவே வண்டி ஏன் நின்றது, எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு செலவாகும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வண்டி ரிப்பேர்களில் பணத்தையும் நாளையும் சேர்த்து விழுங்குவது பம்பு ரிப்பேர். "பம்பு போயிடுச்சு" என்று மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடும். அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பம்பு என்ன வேலை செய்கிறது?

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே தள்ளுவது போல, டேங்கில் இருக்கும் டீசலையோ பெட்ரோலையோ எஞ்சினுக்குத் தள்ளுவதுதான் பம்பின் வேலை.

பழைய டீசல் வண்டிகளில் டேங்கிலிருந்து டீசலை இழுக்க ஒரு சின்ன பம்பு இருக்கும். அதை அழுத்தமாக நாசிலுக்கு அனுப்ப ஒரு பெரிய பம்பு இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் பெரும்பாலும் 'காமன் ரெயில்' முறைதான். இதில் டீசலின் அழுத்தம் ஒரு கார் டயரின் காற்றழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று கட்டுப்படுத்தும்.

ஸ்கூட்டர், பைக்கிலும் மாற்றம் வந்திருக்கிறது. முன்பு கார்புரேட்டர் இருந்தது. அடைத்துக்கொண்டால் ஊர் மெக்கானிக்கே கழற்றி ஊதிக் கொடுத்துவிடுவார். பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டேங்குக்குள்ளேயே கரண்டில் ஓடும் பெட்ரோல் பம்பு இருக்கிறது. ஊதிச் சரிசெய்யும் காலம் போய்விட்டது.

பம்பு ஏன் கெடுகிறது?

பம்புக்குள் இருக்கும் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தலைமுடியை விடக் குறைவு. டீசல்தான் அந்தப் பாகங்களுக்கு எண்ணெய் மாதிரி வழவழப்பும் தருகிறது. மாவு வழுவழுவென்று ஓட தண்ணீர் விட்டு அரைக்கிறோம் அல்லவா? தண்ணீர் விடாமல் கிரைண்டரை ஓட்டினால் என்ன ஆகும்? பம்பும் அப்படித்தான். கெடுவதற்கு முக்கியக் காரணங்கள் நான்கு.

1. தூசி, மண். அடைத்துப்போன ஃபில்டரையே மாற்றாமல் ஓட்டுவது. பம்பு சக்திக்கு மீறி இழுக்க வேண்டியிருக்கும். கிழிந்த ஃபில்டராக இருந்தால் தூசி உள்ளே போய்ப் பாகங்களைக் கீறிவிடும்.

2. தண்ணீர். மழையில் மூடி வழியாக இறங்கும். பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் வேர்த்தும் சேரும். தண்ணீர் பம்பைத் துருப்பிடிக்க வைக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வண்டி கிளம்பாது.

3. கலப்படம். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு போய்விடும். லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்து பம்பையே இழப்பதாகத்தான் முடியும். பெட்டிக்கடையில் பாட்டிலில் வாங்கும் பெட்ரோலிலும் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

4. காலி டேங்க். "நூறு ரூபாய்க்குப் போடு, இருநூறு ரூபாய்க்குப் போடு" என்று கடைசிச் சொட்டு வரை ஓட்டுவது. அடியில் தங்கிய கசடு பம்புக்குப் போகும். டீசல் வண்டியில் காற்றும் பிடித்துக்கொள்ளும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு சூடாகாமல் காப்பதும் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அது குறைந்தால் பம்பு சூடேறி சீக்கிரம் தேயும்.

பில் ஒரு கணக்கு, செலவு ஒரு கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். இதில் உள்ள தொகைகள் கணக்குப் பழகுவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மறுபடி கூட்டிப் பாருங்கள்.

நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஒரு லோடு வண்டி. டீசல் செலவு போக நாளுக்கு 900 ரூபாய் நிற்கிறது. பம்பு கெட்டு 8 நாள் வண்டி நின்றது.

பம்பு கழற்றி மாட்டக் கூலி - ரூ.1,500
பாகம், சீல், பம்பு கடையில் அளவு சரிபார்த்தல் - ரூ.6,500
வண்டியை இழுத்துப்போன கூலி - ரூ.1,200
டவுனுக்குப் போய்வந்த பஸ், சாப்பாட்டுச் செலவு - ரூ.400
8 நாள் வருமான இழப்பு - ரூ.7,200
மொத்தம் - ரூ.16,800

மெக்கானிக் கொடுத்த பில் 8,000 ரூபாய்தான். குடும்பத்துக்கு ஆன செலவு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்! வழக்கமாக லோடு ஏற்றுபவர் இந்த எட்டு நாளில் வேறு வண்டிக்குப் போய்விட்டால் அது தனி நஷ்டம். மாதத் தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போகாது. அப்போதுதான் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசல் ஞாபகத்துக்கு வருகிறது. பம்பு ரிப்பேரில் உண்மையான ஆபத்து இதுதான்.

ஏன் இத்தனை நாள் ஆகிறது? டீசல் பம்பை எல்லா மெக்கானிக்கும் திறக்க முடியாது. கழற்றி, டவுனில் பம்பு வேலை மட்டும் செய்யும் கடைக்கு அனுப்புவார்கள். அங்கே டெஸ்ட் மெஷினில் மாட்டி அளவு பார்க்க வேண்டும். பாகம் இல்லையென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். திரும்ப வந்து மாட்டிய பிறகுதான் "கோளாறு பம்பில் இல்லை" என்று தெரிந்தால் நாளும் போச்சு, பணமும் போச்சு!

பம்பைக் கழற்றும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்

"வண்டி இழுக்கல", "மேட்டுல திணறுது", "காலையில ஸ்டார்ட் ஆகல" என்றால் எல்லாமே பம்பு கோளாறு என்று அர்த்தமில்லை. குறைந்த செலவுக் காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டியில்: டேங்கில் டீசல் இருக்கிறதா? ஃபில்டர் அடைத்திருக்கிறதா? ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா? ரப்பர் குழாய் வெடித்துக் காற்று இழுக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதா?

பெட்ரோல் பம்பு உள்ள ஸ்கூட்டர், பைக்கில்: சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'ர்ர்ர்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, வயர் இணைப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஃபியூஸ் சில ரூபாய்ச் சாமான். அதற்காக முழு பம்பையும் மாற்றிவிடக்கூடாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. பம்புதான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அழுத்தம் அளந்து பார்த்தீர்களா?
2. சீல் மட்டும் மாற்றினால் போதுமா, முழு பம்பும் மாற்ற வேண்டுமா?
3. போடப்போவது கம்பெனிப் பாகமா, வேறு பாகமா, பழுது நீக்கிய பழைய பம்பா? ஒவ்வொன்றுக்கும் விலை என்ன?
4. கூலி எவ்வளவு, பாகம் எவ்வளவு? தனித்தனியாக எழுதித் தருவீர்களா?
5. கூடுதல் வேலை வந்தால் போன் செய்து கேட்ட பிறகு செய்வீர்களா?
6. எத்தனை மாதம் உத்தரவாதம்? அதை பில்லில் எழுதித் தருவீர்களா?

கழற்றிய பழைய பாகத்தையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். புது வண்டி என்றால் வாரண்டி முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வாரண்டி இருக்கும்போது வெளியில் பம்பைத் திறந்தால் உரிமை போய்விடலாம்.

சட்டம் நமக்குத் துணை

"லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கினது. அதனால நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்கியவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. மோசமான வேலை, போலிப் பாகம், கூடுதல் பில் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். எதற்கும் பில் வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிய தொகை பில் ஆகாது.

பெட்ரோல் பங்கிலும் நமக்கு உரிமை உண்டு. பெட்ரோல் சுத்தமா என்று பார்க்க ஃபில்டர் பேப்பர் கேட்கலாம். அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். ரசீதைக் கேட்டு வாங்கி வைக்கலாம்.

உயிருக்கு ஆபத்தான மூன்று காரியங்கள்

டியூபை வாயில் வைத்து டீசலோ பெட்ரோலோ உறிஞ்சக்கூடாது. நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

காமன் ரெயில் வண்டி ஓடும்போது டீசல் எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலச் சின்னக் காயமாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளோ அடுப்புக்குப் பக்கத்திலோ பெட்ரோல் டேங்கைத் திறக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஆவிதான் முதலில் தீப்பிடிக்கும்.

நாம் இன்றே தொடங்கக்கூடியவை

1. டேங்க் கால் பங்குக்குக் கீழே போக விடக்கூடாது.
2. வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு ஃபில்டர் மாற்ற வேண்டும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குழுக் கணக்கு எழுதும் நமக்கு இது பெரிய வேலையா?
3. டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால், எப்படி வடிப்பது என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு அவ்வப்போது வடிக்க வேண்டும்.
4. நம்பிக்கையான ஒரே பங்கில் போட்டு ரசீதைச் சேர்த்து வைக்க வேண்டும்.
5. வண்டி ஓடும் நாளெல்லாம் 30 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 26 நாள் ஓடினால் 780 ரூபாய். வருடத்துக்கு 9,360 ரூபாய். மேலே பார்த்த உதாரணத்தில் 8,000 ரூபாய் பில்லும் 1,200 ரூபாய் இழுவைக் கூலியும் சேர்த்து 9,200 ரூபாய். இந்த உண்டியல் பணமே கட்டிவிடும்!

ஆனால் எட்டு நாள் வருமானத்தை எந்த உண்டியலும் திருப்பித் தராது. அதைக் காப்பாற்ற முதல் நான்கையும் செய்தே ஆக வேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் வண்டிக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு ஃபில்டர் கடைசியாக மாற்றிய தேதி தெரியும்?
2. வண்டிக் கடனுக்கு விண்ணப்பம் வரும்போது வண்டி விலை, தவணை மட்டும் பார்க்கிறோமா? பராமரிப்புச் செலவையும் கேட்கிறோமா?
3. வண்டி நின்றுபோன உறுப்பினர் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க, அவசர ரிப்பேருக்குச் சின்ன உள்கடன் கொடுக்கலாமா? எவ்வளவு, எத்தனை தவணையில்?
4. நம் பக்கத்தில் நேர்மையாக பில் கொடுத்து வேலை செய்யும் மெக்கானிக், பம்பு கடை எது என்று ஒரு பட்டியல் போடலாமா?

பேசி முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சாவி யார் கையில் இருந்தாலும் கடன் நம் பெயரில்தான் இருக்கிறது. வண்டியின் கணக்கும் நம் நோட்டில் இருக்கட்டும்!