ஜெராக்ஸ் கடை செல்வி: ரோல் பிளே கேரக்டர் உருவாக்க 14 பயனுள்ள குறிப்புகள்

டிஸ்கார்டில் எழுதி ஆடினாலும் சரி, ஜிடிஏ நகரத்தில் மைக் போட்டுப் பேசி ஆடினாலும் சரி, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாதா, உளவாளி, சாபம் பெற்ற இளவரசி என்றுதான் கேரக்டர் போடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் ஒற்றனை யாராலும் தோற்கடிக்க முடியாது. அவனுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. அதனாலேயே அவனிடம் வந்து பேச ஒருவருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பிறகு, தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வியை உருவாக்கினேன். முதல் நாளே நாலு பேர் கடைக்கு வந்துவிட்டார்கள். சாதாரண மனிதர்களிடம் அடுத்தவர் நுழைய வாசல் இருக்கிறது. அந்த வாசலை எப்படி வைப்பது? செல்வியை வைத்தே சொல்கிறேன்.

1. தொழிலில் இருந்து தொடங்குங்கள்
கண்ணின் நிறம், உயரம், உடையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நாலு பேர் வந்து போகும் தொழிலாக ஒன்றை முதலில் முடிவு செய்யுங்கள்: டீக்கடை, பஞ்சர் கடை, மருந்துக்கடை, தையல் கடை, ஷேர் ஆட்டோ. வீட்டுக்குள்ளேயே இருக்கும் கேரக்டர் என்றால், மற்றவர்களைச் சந்திக்க வைப்பதற்கே ஒவ்வொரு முறையும் காரணம் தேட வேண்டியிருக்கும்.

2. அந்தத் தொழிலில் கைவழியே என்ன போகிறது என்று பாருங்கள்
சுவாரஸ்யம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். செல்வியின் கைவழியே ஊர்க்காரர்களின் காகிதங்கள் போகின்றன. பட்டா, வாரிசுச் சான்றிதழ், விவாகரத்து நோட்டீஸ், மருத்துவ அறிக்கை. அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி விற்ற நிலத்தின் பத்திரம் முதலில் அவள் கண்ணில்தான் படும். அவள் எதையும் தேடிப் போகவில்லை. கண்ணாடி மேல் வைக்கும்போது எழுத்து தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். உங்கள் கேரக்டரையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆட்டோக்காரரின் காதில் பின்சீட்டு போன் பேச்சு விழும். தையல்காரருக்கு யார் இளைத்தார், யாருக்குக் கல்யாணம் என்று அளவெடுக்கும்போதே தெரியும். மருந்துக்கடைக்காரருக்கு எந்த வீட்டில் யார் தூங்காமல் தவிக்கிறார் என்று தெரியும்.

3. இன்றைக்கே முடிக்க வேண்டிய தேவை ஒன்று கொடுங்கள்
“வாழ்க்கையில் முன்னேற வேண்டும்” என்ற ஆசையை வைத்து ஒரு காட்சியும் நடத்த முடியாது. “செவ்வாய்க்கிழமை மகளிர் குழுவுக்கு 1,150 ரூபாய் கட்டணும், கல்லாவில் 700தான் இருக்கு” என்றால் உடனே காட்சி நகரும். தேவை சிறியதாக இருப்பது குறையே இல்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் குடிநீர்ப் பஞ்சம்தான் சென்னைத் தெரு மனிதர்களை வீட்டுக்கு வெளியே இழுத்து, ஒருவரோடு ஒருவர் மோதவும் ஒட்டவும் வைக்கிறது. ஒரு குடம் தண்ணீரால் நாவலே நகரும்போது, 450 ரூபாய்ப் பற்றாக்குறையால் ஒரு வாரக் கதை தாராளமாக நகரும்.

4. ஆசையும் பயமும் எதிரெதிராக இழுக்கட்டும்
செல்விக்குக் கலர் பிரிண்டர் வாங்க ஆசை. அதற்குக் கடன் தரத் தயாராக இருப்பவர், அவள் பேசாமல் விலகியிருக்கும் சொந்தத் தம்பி. ஆசை ஒரு பக்கம், ரோஷம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஆளிடம்தான் மற்றவர்களுக்குப் பேச வாய் வரும்.

5. குறை என்றால் அதனால் நஷ்டம் வர வேண்டும்
“ரொம்ப நல்லவள், அதனால் ஏமாந்துபோவாள்” என்பது குறையில் சேராது. புகழ்ச்சியைத் திருப்பிப் போட்டது. செல்வியால் “தெரியாது” என்று சொல்ல முடியாது. எந்த விண்ணப்பம் கேட்டாலும் நிரப்பிக் கொடுத்துவிடுவாள். தப்பாக நிரப்பிய ஒன்றால் ஒரு பாட்டியின் முதியோர் பென்ஷன் தள்ளிப்போனது. அந்தப் பாட்டி இன்றும் அதே தெருவில்தான் காய்கறி விற்கிறார்.

குறையே இல்லாத கேரக்டரை ஆங்கிலத்தில் ‘மேரி சூ’ என்பார்கள். 1973-இல் பவுலா ஸ்மித் என்ற ரசிகை, ஸ்டார் டிரெக் ரசிகர் இதழுக்கு எழுதிய கேலிக்கதையின் நாயகி பெயர் அது. பதினைந்தரை வயதில் விண்கப்பல் படையின் மிக இளைய லெப்டினன்ட். அவளால் முடியாதது எதுவும் இல்லை. உங்கள் கேரக்டரின் திறமைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றைத் தாண்டினால் நான்காவதை அடித்துவிடுங்கள்.

6. ஒரே ஒரு பழக்கம், அதற்கு ஒரு காரணம்
தலைமுடியைக் கோதுவது, உதட்டைக் கடிப்பது எல்லாம் யாருக்கும் பொருந்தும். இந்த ஆளுக்கு மட்டுமே பொருந்துவதைத் தேடுங்கள். செல்வி யாருடைய காகிதமானாலும் மேசையில் எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துத்தான் வைப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர் படித்துவிடக் கூடாது. இந்த ஒரு செய்கை அவள் யார் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதும் வர்ணனையைவிடத் தெளிவாகச் சொல்லிவிடும்.

7. பெயர் வயதைச் சொல்லட்டும்
நாற்பது வயதுக்காரருக்கு யாழினி என்றும், கைக்குழந்தைக்குச் சரஸ்வதி என்றும் வைத்தால் படிப்பவருக்கு நெருடும். நிஜப் பெயரைவிடத் தெருவில் கூப்பிடும் பெயர் முக்கியம். செல்வியை ஊரில் பாதிப் பேர் “ஜெராக்ஸ் அக்கா” என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் “செல்வி” என்று அழைக்கிறார், யார் “ஏம்மா” என்கிறார் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும்.

8. வட்டார வழக்கு, உப்பு போடுகிற அளவுக்கு
கோவைக்காரர் என்றால் “போலாங்களா”, நெல்லைக்காரர் என்றால் ஒரு “ஏலே”, யாழ்ப்பாணத்தவர் என்றால் ஒரு “ஓம்” போதும். வரிக்கு வரி போட்டால் படிக்கவும் கஷ்டம், அந்த ஊர்க்காரர் மனமும் புண்படும். உங்களுக்குக் காதில் விழுந்து பழகாத வழக்கைத் தொடாதீர்கள்.

9. முன்கதையை மூன்று வரியில் நிறுத்துங்கள்
பத்துப் பக்கம் எழுதி ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்; ஆடும்போது சொல்லவும் எதுவும் மிச்சமிருக்காது. அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டுத் தொடங்குவதும் வேண்டாம். உயிரோடு இருக்கும் அம்மா மதியம் போன் செய்து “சாப்பிட்டியா?” என்று கேட்டால், அதில் இன்னும் அதிகக் கதை இருக்கிறது.

10. காலி நாற்காலிகள் போட்டு வையுங்கள்
செல்விக்குக் கோபித்துக்கொண்ட தம்பி ஒருவன், கூடப் படித்த தோழி ஒருத்தி, 300 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் வக்கீல் குமாஸ்தா ஒருவர். மூன்று பேரையும் நான் எழுதி முடித்துவிடவில்லை. “இந்தத் தம்பியை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டேன். எடுத்துக்கொண்டவர் அவனுக்குத் தந்த நியாயம் நான் நினைத்தே பார்க்காதது. ரோல் பிளேயின் முழுச் சந்தோஷமும் அதில்தான் இருக்கிறது.

11. பத்து நிமிஷம் நின்று பாருங்கள்
ஜெராக்ஸ் கடை பற்றி எழுத வேண்டுமா? ஒரு கடைக்குப் போய் ஆதாரை நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வர, கார்டை எப்படி நகர்த்தி வைக்கிறார்கள் என்று கவனியுங்கள். “ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயா?” என்ற கேள்வி, பசை டப்பா, நூலில் கட்டித் தொங்கும் பேனா. இந்த மூன்றும் இருந்தால் கடை கண்முன் வந்துவிடும்.

12. பார்த்த ஆளை அப்படியே தூக்கி வைக்காதீர்கள்
ஒருவரின் தொழில், இன்னொருவரின் பேச்சு, மூன்றாமவரின் கோபம் என்று கலந்து எடுங்கள். தெரிந்தவர் படித்து “இது நான்தானே” என்று வருந்தும்படி ஆகக் கூடாது. உங்கள் சொந்த ஊர், பள்ளி, போன் எண், முகவரி எதையும் கேரக்டருக்குக் கடன் கொடுக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

13. உங்களுக்குத் தெரிந்தது வேறு, கேரக்டருக்குத் தெரிந்தது வேறு
குமாஸ்தா போலிப் பத்திரம் செய்கிறார் என்று வேறு காட்சியில் நீங்கள் படித்திருக்கலாம். அந்தக் காகிதம் செல்வியின் கடைக்கு வரும் வரை அவளுக்கு அது தெரியாது. இதை மீறுவதைத்தான் மெட்டா கேமிங் என்கிறார்கள். அதேபோல, எதிரில் இருப்பவரின் செயலை நீங்கள் எழுதாதீர்கள். “செல்வி கையை நீட்டினாள்” என்பது வரை உங்கள் உரிமை. காகிதத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

14. முதல் வரியில் ஒரு வேலை கொடுத்து அழையுங்கள்
1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த ‘மட்’ விளையாட்டில் படம் கிடையாது. பலர் சேர்ந்து உலவிய அந்த உலகம் முழுவதும் எழுத்துதான். இன்றைய எழுத்து ரோல் பிளேயிலும் அதே நிலைமைதான். நீங்கள் எழுதாத எதுவும் அங்கே இல்லை. ஆகவே தொடக்கம் முக்கியம்.

இப்படி எழுதினால் யாரும் வர மாட்டார்கள்: “செல்வி கடையில் உட்கார்ந்து தன் கஷ்டங்களை நினைத்துக்கொண்டிருந்தாள்.”

இப்படி எழுதிப் பாருங்கள்: “கரன்ட் போய் இருபது நிமிஷம் ஆகிறது. மெஷினுக்குள் தாள் பாதியில் சிக்கி நிற்கிறது. செல்வி மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டபடி வாசல் பக்கம் திரும்புகிறாள். ‘அண்ணே, போன்ல டார்ச் இருக்கா? கொஞ்சம் இப்படிப் பிடிங்களேன்.’”

யார் அந்த அண்ணன் என்று நான் எழுதவில்லை. அன்றைக்கு டார்ச் பிடிக்க வந்தது, மூன்று வருஷமாகப் பேசாத தம்பி. வெளிச்சம் அவள் கை மேல் விழுந்தது; யார் என்று பார்க்காமலே “தேங்க்ஸ்ணே” என்றாள். நானும் தம்பியை எடுத்துக்கொண்டவரும் அன்று இரவு ஒரு மணி வரை எழுதிக்கொண்டிருந்தோம்.