பேகம் பஜாரில் தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

எம்.பி.ஏ. முடித்து ஹைதராபாத் போய்ச் சேர்ந்துவிட்டாய். மாதாப்பூர்க் கண்ணாடிக் கட்டடத்தில் மார்க்கெட்டிங் வேலை வரும்வரை காத்திருப்பதா, கடை கடையாக ஏறி இறங்கும் சேல்ஸ் வேலையை ஒப்புக்கொள்வதா என்று கேட்டிருந்தாய். சேல்ஸில் சேர். சம்பளம் குறைவுதான், வெயிலும் அலைச்சலும் உண்டு. இருந்தாலும் சேர்.

நம் கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கினார். கிராமம் கிராமமாகப் போய், சிறுவர்களை உட்காரவைத்துத் தலைக்குத் தேய்த்து அலசிக் காட்டி, சுற்றி நின்றவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார். அது பழகியதும், சிக் பாக்கெட் ஐந்துக்கு மட்டும்தான் என்று மாற்றினார். ஜனங்கள் பெயர் சொல்லி சிக் கேட்டார்கள்; கடைக்காரர் அதையே வாங்கி வைத்தார். கடை வாசலில் நிற்காதவனுக்கு இந்த யோசனை வந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

உனக்கு அந்த வாசல் ஹைதராபாத்தின் மொத்தச் சந்தையான பேகம் பஜார். தெலுங்கு கற்றுக்கொள், கூடவே அந்த ஊர் உருதுவான தக்கனியும். கடைக்காரர் 'நக்கோ', அதாவது வேண்டாம், என்றதும் பையை மூடிவிடாதே. மார்ஜின் போதவில்லையா, போன மாதச் சரக்கே தேங்கிக் கிடக்கிறதா, எக்ஸ்பயரி ஆனதைக் கம்பெனி திருப்பி எடுக்கவில்லையா என்று கேள். ரம்ஜானுக்கு முன் எது ஓடுகிறது, பதுகம்மா பண்டிகைக்கு முன் எது ஓடுகிறது என்று அன்றன்றே நோட்டில் எழுது. சேல்ஸில் என் முதல் வருடம் நான் எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

நீ பி.பார்ம் படித்தவன். ஹைதராபாத் மருந்துத் தொழிலின் ஊர். டாக்டர் ரெட்டீஸ் 1984-இல் தொடங்கியது அங்கேதான். மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவர்கள் பிராடக்ட் மேனேஜர் ஆவது அந்தத் தொழிலில் வழக்கமான பாதை. அந்தக் கதவையும் தட்டு.

அமீர்பேட்டையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படி, தப்பில்லை. ஆனால் சர்டிஃபிகேட்டோடு நிறுத்தாதே. உன் தெரு பேக்கரிக்கு ஒரு மாதம் விளம்பரம் போட்டு, எத்தனை ஆர்டர் வந்தது என்று எண்ணிவை. இன்டர்வியூவில் காட்ட அது போதும்.

ஆஃபர் லெட்டரில் நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, பெட்ரோல் காசு யாருடையது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. டெபாசிட் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடு.

முதல் பீட் எந்த ஏரியா என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்