உடல் தேறியது, மனம் தேறியதா?

பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியவரிடம் உற்றார் முதலில் கேட்பது, "கை கால் எப்படி இருக்கிறது?" என்பதே. மருத்துவமும் நெடுங்காலம் அதையே கேட்டு வந்தது. 1965-இல் வெளியான பார்த்தெல் அளவுகோல், உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், நடத்தல், படியேறுதல் முதலிய 10 செயல்களுக்கு மதிப்பெண் இடுகிறது. அனைத்தையும் துணையின்றிச் செய்பவர் 100 பெறுவார். இன்றும் பயன்படும் நல்ல அளவுகோல் அது. ஆயினும், அவர் மனநிறைவுடன் வாழ்கிறாரா என்று அது கேட்பதில்லை.

நாகூர் தர்காவை அடுத்துக் கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பின் நன்றாக நடக்கிறார், தாமே உண்கிறார். ஆனால், பேச்சுக் குழறுவதைப் பிறர் கவனிப்பரோ என்ற கூச்சத்தால் கடைப்பக்கம் போவதில்லை. இரவில் உறக்கமும் இல்லை. வேறொருவர் விவசாயி. இடக்கை இன்னும் மீளவில்லை. எனினும், மகன் துணையுடன் வயலுக்குச் சென்று, நடவைப் பார்த்து, யோசனை சொல்லித் திரும்புகிறார். இவ்விருவரில் யார் நலமாக இருக்கிறார்? உடலையும் மனத்தையும் தனித்தனியே அளந்தால்தான் விடை கிடைக்கும்.

எவ்வாறு அளக்கிறார்கள்?

எஸ்.எஃப்-36 என்னும் படிவத்தில் 36 வினாக்கள் உள்ளன. கடந்த நான்கு வாரங்களில் வலி, களைப்பு, அன்றாட வேலை, பிறருடன் பழகுதல், மனநிலை ஆகியவை எவ்வாறு இருந்தன என்று அவை கேட்கின்றன. விடைகள் 8 பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டு, முடிவில் உடலுக்கு ஒன்றும் மனத்துக்கு ஒன்றுமாக இரு மதிப்பெண்கள் பெறப்படுகின்றன. இவ்விரண்டிலும் 50 என்பது பொதுமக்களின் சராசரி. ஆகவே, 45 பெற்றவர் பாதிக்கும் குறைவாகப் பெற்றுவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. சராசரிக்குச் சற்றே கீழே இருக்கிறார், அவ்வளவே.

இப்படிவத்தின் ஆங்கில மூலத்தில் ஒரு வினா, கோல்ஃப் ஆடுவதை எடுத்துக்காட்டாகக் கூறுகிறது. நம் ஊரில் அதற்கு ஈடாகத் தண்ணீர்க் குடம் தூக்குவதையோ வாசல் பெருக்குவதையோதான் கேட்க இயலும். இத்தகைய இடர்ப்பாட்டை உணர்ந்தே உலக சுகாதார நிறுவனம், பல நாடுகளைச் சேர்ந்த 15 மையங்களின் கூட்டு முயற்சியால் தன் வாழ்க்கைத்தர வினாப்படிவத்தை உருவாக்கியது. அம்மையங்களுள் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவில் 26 வினாக்கள் உள்ளன. உடல், மனம் ஆகியவற்றோடு சமூக உறவும் வாழும் சூழலும் அதில் அளக்கப்படுகின்றன.

விடையளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

நலம் விசாரிப்பவரிடம், "இறைவன் அருளால் நலம்" என்பது நம் பண்பு. படிவத்திலோ உள்ளதை உள்ளபடியே கூறுங்கள். சரியான விடை, தவறான விடை என்று அதில் எதுவும் இல்லை.

இயன்றவரை நோயாளியே விடை கூறட்டும். அவர் நிலையை அவர் மதிப்பிடுவதைவிடக் குடும்பத்தினர் தாழ்வாக மதிப்பிடுவதே பெரும்பாலும் காணப்படுகிறது. பேச இயலாதவர், வினாவைப் படித்துக் காட்டினால் விடையை விரலால் சுட்டலாம். வினாவைப் புரிந்துகொள்ளவும் இயலாத நிலையில் உடனிருப்பவர் விடை கூறலாம். ஆனால், அதனைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அதே படிவத்தை மீண்டும் நிரப்புங்கள். பிறருடன் ஒப்பிடுவதைவிடத் தம் முந்தைய மதிப்பெண்ணுடன் ஒப்பிடுவதே பயன் தரும்.

மதிப்பெண் குறைந்தால்

உடல் மதிப்பெண் குறைந்திருந்தால் இயன்முறைப் பயிற்சியைத் தொடருங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்பயிற்சி வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. மன மதிப்பெண் குறைந்திருந்தால், அதனைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கருதாதீர்கள். பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. அது மருந்தாலும் ஆலோசனையாலும் குணப்படுத்தத்தக்கது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற சொல் அவர் வாயில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்; உடனே அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, கை கால் பற்றிக் கூறுவதோடு உறக்கம், பசி, பேச்சு, மனநிலை ஆகியவற்றையும் கூறுங்கள். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.