மெயின்ஃபிரேம் லினக்ஸுக்கு டிஸ்க்: 9 பயனுள்ள குறிப்புகள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் இசட்-விஎம் மேல் ஓடும் லினக்ஸ் கெஸ்டுக்கு ஸ்கஸி டிஸ்க்கை இரண்டு விதமாகத் தரலாம். எஃப்சிபி அடாப்டரை கெஸ்டிடமே ஒப்படைப்பது ஒன்று. ஸ்கஸி டிஸ்க்குக்கு 9336 எஃப்பிஏ டிஸ்க் என்று வேஷம் கட்டி விடுவது இன்னொன்று; இதுதான் ‘இடெவ்’. 2004-ல் இசட்-விஎம் 5.1-இல் வந்தது. வசதியானது, ஆனால் அதற்கான கூலி பிராசஸர் நேரத்தில் கழியும்.

1. இடெவ்வில் கெஸ்ட் அனுப்பும் ஒவ்வொரு ஐ/ஓவையும் இசட்-விஎம்மின் கன்ட்ரோல் புரோகிராம் ஸ்கஸி கட்டளையாக மாற்றித்தான் அனுப்புகிறது. ஆகவே டிஸ்க் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். நொடிக்கு எத்தனை ஐ/ஓ என்று பாருங்கள்.

2. ‘வேகம் குறையவில்லையே’ என்று திருப்திப்பட வேண்டாம். நொடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கு இடெவ், எஃப்சிபி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். பிராசஸர் செலவு வேறாக இருக்கும்.

3. சோதனைக்கு முன்னும் பின்னும் கெஸ்டிலிருந்தே ‘விஎம்சிபி குவரி டைம்’ கொடுத்து, அது காட்டும் விர்ட்சிபியு (கெஸ்டின் சொந்த பிராசஸர் நேரம்), டாட்சிபியு (மொத்த நேரம்) என்ற இரண்டு அளவுகளும் எவ்வளவு கூடின என்று கழித்துப் பாருங்கள். விர்ட்சிபியு 40 வினாடியும் டாட்சிபியு 60 வினாடியும் கூடியிருந்தால் விகிதம் 1.5. நடுவில் உள்ள 20 வினாடி கன்ட்ரோல் புரோகிராம் எடுத்துக்கொண்டது. இடெவ்வில் ஒருமுறை, எஃப்சிபியில் ஒருமுறை இதே கணக்கைப் போடுங்கள்.

4. சோதனைக்கு ‘ஃபியோ’ என்ற டிஸ்க் சோதனைக் கருவியை டைரக்ட் ஐ/ஓவில் ஓட்டுங்கள். 4 கேபி ராண்டம் ஒரு சுற்று, பெரிய பிளாக்கில் வரிசையாக ஒரு சுற்று. லினக்ஸ் பேஜ் கேஷ் நடுவில் புகுந்தால் டிஸ்க்கை அல்ல, மெமரியைத்தான் அளப்பீர்கள்.

5. இசட்-விஎம்மின் மினிடிஸ்க் கேஷையும் சோதனையின்போது அணைத்துவிடுங்கள். இடெவ் மினிடிஸ்க்குக்கு அது உண்டு, நேரடி எஃப்சிபிக்குக் கிடையாது. அணைக்காவிட்டால் இடெவ் பொய்யாக ஜெயிக்கும்.

6. அதே கேஷ் அன்றாட வேலையில் கைகொடுக்கும். பல கெஸ்டுகள் ஒரே டிஸ்க்கை ரீட்-ஒன்லியாகப் பகிரும் இடத்தில் இடெவ் லாபம். மினிடிஸ்க்கின் தொடக்க பிளாக் எண்ணும் அளவும் 8-ஆல் வகுபடட்டும் (512 பைட் × 8 = 4 கேபி). வகுபடாவிட்டால் கேஷ் கிடைக்காது.

7. டேட்டாபேஸ், லாக் போல ஓயாமல் எழுதும் டிஸ்க்குகளை எஃப்சிபியில் நேரடியாகக் கொடுங்கள். ஆனால் மல்டிபாத், ஜோனிங், லன் மாஸ்கிங் எல்லாம் கெஸ்டுக்குக் கெஸ்ட் உங்கள் தலையில் விழும். இடெவ்வில் பாதைகளை ‘செட் இடெவைஸ்’ கட்டளையில் ஒரே முறை சொன்னால் போதும். கெஸ்டுக்கு அந்தக் கவலை இல்லை.

8. ஸ்வாப்புக்கு இடெவ்வைத் தேடிப் போகாதீர்கள். சின்ன விடிஸ்க் ஒன்றை முதல் ஸ்வாப்பாக வையுங்கள். அதுவும் எஃப்பிஏ வேஷம்தான், ஆனால் மெமரியில் இருப்பதால் ஸ்கஸி பக்கம் போகாது. மெமரி தட்டுப்பாடு உள்ள எல்பாரில் (மெயின்ஃபிரேமின் ஒரு பிரிவு) அளவோடு கொடுங்கள்.

9. ஐஎஃப்எல் (லினக்ஸுக்கான பிராசஸர்) பாதி நேரம் சும்மா இருக்கிறதா? பூட் டிஸ்க், சிறிய கெஸ்டுகளுக்கு இடெவ்வே போதும். உச்ச நேரத்தில் ஐஎஃப்எல் நிரம்பி வழிகிறதா? அதிக ஐ/ஓ செய்யும் கெஸ்டை முதலில் எஃப்சிபிக்கு மாற்றுங்கள். பல மென்பொருள்களின் உரிமக் கட்டணம் கோர் எண்ணிக்கையை வைத்துத்தான். இன்னொரு ஐஎஃப்எல் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.